துரைசாணியின் குரலும் பச்சைவாழியின் தண்ணீரும்

ஓவியர் ஒதில் கர்வெலுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: அவள் பேச்சில் பாதியை மட்டும் கேட்டவர்கள் அவளுக்கு முழுத் தண்டனை எழுதினார்கள். எதிரிக்கு வாய் கொடுத்தவள் என்றார்கள், நாட்டை விற்றவள் என்றார்கள், அவள் படங்களைக் கொளுத்தவும் அவளைச் சிறையில் அடைக்கவும் சைகோன் விசாரணைக் குழு உத்தரவு போட்டது. அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் போர் முடியும்வரை சாயங்காலம் தவறாமல் அவள் குரலைக் குடித்தவர்கள். குடித்தவர்கள் என்றுதான் சொல்கிறேன். யாரும் அதைக் கேட்டவர்கள் என்று திருத்த வேண்டாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சைகோன் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த ஊர். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் சொந்த நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துவைத்திருந்தான். ஜெர்மன்காரனுக்குத் தலையாட்டிய கிழட்டு மார்ஷல் ஒருவரின் படம் சைகோன் பள்ளிக்கூடச் சுவரிலெல்லாம் தொங்க, துறைமுகத்தில் ஜப்பான்காரன் கப்பலை நிறுத்தி நெல்லை ஏற்றிக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்கும் அடியில், ஊருக்கே சொந்தக்காரர்களான அன்னாமியர்கள், அதாவது வியட்நாம்காரர்கள், நெல்லை விளைத்துக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் அந்த ஊரில் சுங்கச்சாவடியில் முத்திரை குத்தினார்கள், துணி விற்றார்கள், காவல் காத்தார்கள். அவர்களில் ஒதியம்பட்டுப் பக்கத்து மாட்டுக்காரர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு பால் கறந்து விற்றார்கள். அன்னாமியர்களுக்குப் பால் குடிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அந்தத் தெருவின் பாலைக் குடித்தவர்கள் இரண்டே வகை: தமிழர்கள், பிரெஞ்சுக்காரர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் நிற்கிறது.

பிரெஞ்சுக்காரியான ஒதில் கர்வெல் குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவள். அரசாங்க அலுவலகம் கேட்டபோது, மார்ஷல் ஒரு சிறுமியின் தலையைத் தடவுவதுபோல் பள்ளிப் புத்தகத்துக்கு வரைந்தும் கொடுத்தாள். ஆமாம், வரைந்தாள். வாதத்தில் எதிர்த்தரப்புக்குச் சேரவேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுவது எனக்குப் பிடிக்கும். அடுத்ததாக, உழவர்கள் சிரித்த முகத்தோடு ஜப்பான் கப்பலுக்கு நெல் மூட்டை தூக்குவதுபோல் ஒரு படம் கேட்டார்கள். அவள் பார்த்து வரைகிறவள், அதனால் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து பார்த்ததை வரைந்தாள். படத்தை மேசையில் கவிழ்த்துவைத்த அதிகாரி, "மத்முவாசேல், உங்கள் வேலை வண்ணம் பூசுவது. கருத்துச் சொல்வது இல்லை" என்றான். பெண் வரைந்தால் பொழுதுபோக்கு, பேசினால் அதிகப்பிரசங்கம். எல்லாக் கொடியின் கீழும் இந்த ஒரு சட்டம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அவள் பேசுவதென்று முடிவு செய்தாள். தலைமறைவாக ஓடிக்கொண்டிருந்த கப்பல் தந்திக்காரன் ஒருவன் தன் ஒலிபரப்புக் கருவியை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். போலீஸ்காரன் கால் வைக்கக் கூசும் இடம் எது என்று தேடிய ஒதில், பால்காரி பச்சைவாழியின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய வைக்கோல் அறையை வாடகைக்குப் பிடித்தாள். சாணிவாடைதான் அவளுக்குக் காவல். சைகோன் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும், உளவுத்துறைகூடத் தூங்கும். அந்த நேரத்தில் அவள் கருவியின் முன்னால் உட்கார்ந்து பேசினாள். வந்த புதிதிலேயே கருவியின் உள்ளே ஏதோ வெடித்துப் புகைந்து அணைந்துபோனது அவளுக்குத் தெரியாது. அவள் குரல் அந்தக் கொட்டகையைத் தாண்டவில்லை. சிவப்பி, மயிலை, காரி என்ற மூன்று மாடுகள் மட்டும் அசைபோடுவதை நிறுத்தி, காதை மடக்காமல் கேட்டன.

அவள் முதன்முதலாகப் பேசிய அன்று சாயங்காலம் பச்சைவாழியின் புருஷன் கோதண்டம் பாலைக் குடித்துவிட்டுத் தம்ளரின் அடியை உற்றுப் பார்த்தான்.

"ஏண்டி, ஒரு கப்பல் முழுகிப்பூட்டுதாம்."

பச்சைவாழி சாணியை வழித்துக்கொண்டே, "யாரு கப்பல்?" என்று கேட்டாள்.

"ஜப்பான்காரன்து. படம் போட்டுக் காட்டுது பாரு. பின்பக்கம் மொதல்ல போவுது."

அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். குரல் வைக்கோல் அறையிலிருக்கும் துரைசாணியின் குரல், ஆனால் பேச்சு ஒதியம்பட்டுப் பேச்சு, ஏனென்றால் பால் எந்த நாக்கைத் தொடுகிறதோ அந்த நாக்கின் மொழியில் பேசியது. தம்ளரின் அடியில் கரிக்கோடுகளாகக் கப்பல் வந்தது, பிறகு கோட்டுக்குள் கடல் நீலம் ஏறியது. "பரவால்ல, நல்லாதான் வரையறா" என்று சொல்லிவிட்டு அவள் தம்ளரைக் கழுவினாள்.

பால்காரத் தெரு இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது, புதிதாக வந்த மருமகளைப் பழகிக்கொள்வதுபோல. கைக்குழந்தைகள் கெட்ட சேதியைக் குடித்துவிட்டு வீரிட்டு அழுததால் தாய்மார்கள் அவர்களுக்குக் காலைப்பாலை மட்டும் கொடுத்தார்கள், ஏனென்றால் துரைசாணி பேசியது மதியத்தில், காலைப்பாலில் பேச்சு இல்லை, உறைக்கு ஊற்றினால் சேதி மறுநாள் பழசாகிப் புளித்தது, கடைந்த மோரில் சேதி போய் வெறும் சத்தம் மிஞ்சியது, வெண்ணெய் காய்ச்சி நெய்யாக்கினால் மட்டும் அது கெடாமல் நின்றது, ஆகவே நல்ல சேதி வந்த நாட்களின் பாலையெல்லாம் பெண்கள் நெய்யாக்கிப் பரணில் வைத்தார்கள், பால் ஒத்துக்கொள்ளாத துணிக்கடை அபூபக்கர் மரைக்காயர் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து, குடித்தவர்கள் முகத்தைப் பார்த்தே போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணித்தார், விரதக்காரர்கள் விரதம் முடிந்ததும் முதலில் "பெர்லின் என்னாச்சு?" என்று கேட்டார்கள், வெள்ளிக்கிழமை மாலை அபிஷேகத்துக்குப் பச்சைவாழி வீட்டுப் பால்தான் போனதால், அந்த ஊரில் உலக நிலவரம் முழுதாகத் தெரிந்தது மாரியம்மனுக்குத்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாடு எப்படிப் பேச்சைக் கறக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடு எப்படிப் பாலைக் கறக்கிறது என்று மட்டும் யாருக்குத் தெரியும்?

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்காரர்களுக்குக் கெட்டிப்பால், வெள்ளைக்காரர் குடியிருப்புக்குத் தண்ணீர்ப்பால் என்பது அந்தத் தெருவின் பழைய நடைமுறை. கலப்பார்கள், கலக்கவில்லை என்று சத்தியம் செய்வார்கள், சத்தியம் செய்ததை மாரியம்மன் கண்டுகொள்ள மாட்டாள் என்று அவளுக்கு அபிஷேகப் பாலைச் சுத்தமாகக் கொடுப்பார்கள். போரில் புல்லும் பிண்ணாக்கும் அருகிப்போனபோது பச்சைவாழி பாதிக்குப் பாதி ஊற்றினாள்.

வெள்ளைக்காரர் குடியிருப்பில் அவள் பால் ஊற்றிய வீடுகளில் பெரியது நீதிபதி தெலோர்மின் வீடு. அவர் தாழ்வாரத்தில் சாய்ந்தபடி தினமும் ஒரே கேள்வி கேட்பார், அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால்: "தண்ணி?" அவளும் தினமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாரியாத்தா சத்தியமா இல்ல முசே" என்பாள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். ஒருநாள் அவர் அவள் கண்ணெதிரே பாலைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி, "நல்ல குரல். அரசாங்கத்தில் இப்படி இதமாகப் பேச ஒருத்தியாவது இருக்கிறாளே. உழவர்கள் மகிழ்ச்சியாக நெல் கொடுக்கிறார்களாம்" என்றார். சமையல்காரன் அதைத் தமிழில் சொன்னபோது பச்சைவாழி சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அதே பாலைத்தான் அவளும், தண்ணீர் கலக்குமுன், காய்ச்சிக் குடித்திருந்தாள். அவள் கேட்டது, நெல் மூட்டைக்கு அடியில் நசுங்கிச் செத்த ஒரு தகப்பனின் கதை.

ஒதில் வரைகிற மாதிரியேதான் பேசினாள். முதலில் கோடு: அரசாங்கம் சொல்வதை அரசாங்கத்தின் தேன்குரலிலேயே சொல்வாள், சிரித்த முகத்து உழவன், தலையைத் தடவும் மார்ஷல். பிறகு வண்ணம்: அந்தச் சிரிப்புக்குள் பல்லைக் கடித்திருப்பதையும் தடவுகிற கையின் பிடியையும் காட்டுவாள். தண்ணீர் வண்ணத்தைக் கழுவிவிட்டது. வெள்ளைக்காரர் குடியிருப்புக்குக் கோடு மட்டும் போய்ச் சேர்ந்தது. அதிகாரிகள் அதைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தன் குரல் பாலில் போவதைத் தெருக்காரர்கள் சொல்லி ஒதில் இதற்குள் அறிந்திருந்தாள். தண்ணீர் விஷயமும் தெரிந்ததும் பச்சைவாழியைக் கொட்டகை வாசலில் வழிமறித்தாள். அவள் தமிழை மாட்டுக்கொட்டகையில் கற்றவள், ஆகவே யாரிடமும் மாட்டிடம் பேசுவதுபோல்தான் பேசுவாள்.

"பச்சை, நில்லு. என் வாயில நீ தண்ணி ஊத்திட்டே."

"உன் வாயிலயா? அவங்க வாயிலதான் ஊத்தனேன்."

"நான் பேசறது அவங்களை எழுப்ப. நீ தாலாட்டு பாடி அனுப்பறே."

"எழுப்பனா இன்னா செய்வாங்க? மூஞ்சியைக் கழுவிக்கினு நேரா இங்க வருவாங்க. உன்னைக் கட்டி இழுத்துக்கினு போவாங்க. அப்பறம் யாரு பேசறது, காரியா?"

காரி தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது.

"கோடு மட்டும் வெச்சிட்டு வண்ணத்தை அழிச்சா அது என் படம் இல்ல," என்றாள் ஒதில். "வேற யாரோ வரைஞ்சது. ஆனா அடியில என் கையெழுத்து இருக்கு. நாளைக்கு அதை எடுத்துக் காட்டி என்னைக் கேப்பாங்க."

"நாளைக்குக் கேக்கட்டும். இன்னைக்கு நீ இரு."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனக்கு வாதம் பிடிக்கும், ஆனாலும் இந்த இடத்தில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வாதத்தைச் சுகாதார அலுவலகம் முடித்துவைத்தது. ஒரு சாயங்காலம் குடியிருப்பின் வாசலில் பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் பால்மானியோடு ஆட்கள் நிற்கப் போகிறார்கள் என்று துப்புக் கிடைத்ததும், தெரு முழுக்கப் பயந்துபோய்ச் சுத்தப் பாலைக் கொண்டுபோனது. அன்று நீதிபதியின் வீடு மட்டும் ஏதோ விருந்துக்காகப் பூட்டிக்கிடந்தது. பச்சைவாழி பால் ஊற்றிய மற்ற வீடுகளெல்லாம் குடித்தன, முழுப் பேச்சையும் கேட்டன. மறுநாள் விடிந்ததிலிருந்து, குரல் எங்கோ ஒலிபரப்பிலிருந்து வருகிறது என்று நம்பி, போலீஸ் ஊர் முழுக்க ரேடியோப் பெட்டிகளை உடைத்தது. கூரை கூரையாக ஏறிக் கம்பி தேடியது. கடைசியில் பால்காரத் தெருவுக்கும் வந்தது. கருவியைக் கோதண்டம் சாணிக்குழிக்குள் அமுக்கிவைத்திருந்தான். பிரெஞ்சு அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு தெருமுனையிலேயே நின்றுகொண்டு, தன் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி சவரிராயனை உள்ளே அனுப்பினான். காரைக்கால்காரனான சவரிராயன் கொட்டகையைச் சுற்றி வந்து, வேர்த்துப்போய், "அக்கா, குடிக்க ஏதாவது இருக்கா?" என்றான். பச்சைவாழி யோசிக்கவில்லை, கையில் இருந்த முதல்நாள் சாயங்காலப் பாலைக் கொடுத்தாள். அவன் குடித்தான். தம்ளரைப் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான். வைக்கோல் அறை வாசலில் வெளிறி நின்ற ஒதிலைப் பார்த்தான். மிச்சத்தையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "முசே, இங்கே ரேடியோ எதுவும் இல்லை" என்று சொன்னான். அது உண்மைதான், சாணிக்குழியில் கிடந்தது என்றோ அணைந்துபோன வெறும் பெட்டி.

அன்றைக்கு மேல் ஒதில் சண்டை போடவில்லை. சாயங்காலம் பச்சைவாழி சொம்பை எடுத்தபோது, அவளே தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு நீட்டி, "ஊத்து" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

போர் முடிந்தது. தெருப் பெண்கள் பரணிலிருந்த நல்ல சேதி நெய்யையெல்லாம் இறக்கி மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றினார்கள். ஒவ்வொரு சுடரும் ஒதிலின் குரலில் ஒவ்வொரு வெற்றியைச் சொல்லிவிட்டு அணைந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைத்திருக்கலாம். யாருக்குத் தோன்றும்?

புதிய பிரெஞ்சுக்காரர்கள் வந்து பழைய பிரெஞ்சுக்காரர்களை விசாரித்தார்கள். அடுத்தவன் ஊரை இன்னமும் பிடித்துவைத்துக்கொண்டே, தங்கள் ஊரைப் பிடித்தவனுக்கு ஒத்தாசை செய்தது யார் என்று கேட்டார்கள். அந்த அழகைப் பற்றித் தனியாக ஒருநாள் பேசவேண்டும். யார்மேலும் பெரிதாகக் குற்றம் நிற்கவில்லை. எல்லோரும் மனதுக்குள் எதிர்த்திருந்தார்களாம். வெளியே தெரிகிற மாதிரி ஒருத்தி மாட்டவேண்டியிருந்தது, அவளுக்குக் குடும்பம் இல்லை, பதவி இல்லை, பள்ளிப் புத்தகத்தில் அவள் வரைந்த மார்ஷல் இருந்தார். குழுவுக்குத் தலைவர் தெலோர்ம். பால்மானி நாளில் முழுப் பாலைக் குடித்தவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் மறுநாள் போலீசுக்கு ஓடியவர்களே அவர்கள்தான். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொன்னார்கள்: சாயங்காலந்தோறும் குடித்தோம், இதமாக இருந்தது, அரசாங்கத்தைப் புகழ்ந்தாள். ஒதில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெள்ளைக்காரர் குடியிருப்புக்குப் போன பாலில் கலப்படம் செய்தவள் என்று பச்சைவாழியின் மாடுகளைப் பறித்து, அவளைக் கப்பலேற்றிவிடுவார்கள். அதனால் ஒதில் வாயே திறக்கவில்லை.

தண்டனை உறுதியாவதற்குமுன் புதிய சாட்சி இருந்தால் வரலாம் என்று ஒரு நாள் குறித்தார்கள். தெரு கூடியது. எல்லோரும் போய், துரைசாணி சொன்னதை முழுசாகச் சொல்வது என்று முடிவானது. பச்சைவாழி எழுந்தாள்.

"நாம கெட்டியாக் குடிச்சோம், அவங்க தண்ணியாக் குடிச்சாங்கன்னு சொல்லாம, நாம சொல்றதை எவன் நம்புவான்?"

பால் பேசியதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்ட தெருவுக்கு இது பழகவில்லை.

"அதை மட்டும் சொல்லாத," என்றான் கோதண்டம். "பொய் சொல்லு, போலீசை அடி, என்னை வேணா விட்டுட்டுப் போ. தண்ணி கலந்தேன்னு ஒரு பால்காரி சபையில சொன்னான்னா, ஒதியம்பட்டுல மாடு கட்டறவன் ஒருத்தனும் தலை நிமுந்து நடக்க முடியாது."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"தெரிஞ்சிருக்கறது வேற, சொல்றது வேற."

"மாட்டைப் புடுங்கிடுவான்டி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "காரி இப்பதான் சினை."

பச்சைவாழி கூட்டத்தை விட்டு வெளியே நடந்தாள். கோயிலுக்குப் போய் நின்றாள். "ஆத்தா, உன் பேர்ல தெனம் பொய் சத்தியம் பண்ணேன். ஆனா உன் பாலுல கலக்கல. அதனாலதான் உனக்கு முழுச் சேதியும் வந்துது. நீயும் கேட்டவ. நாளைக்கு என் நாக்கு ஒட்டிக்காம பாத்துக்க" என்றாள். பூசாரி விபூதியைக் கொடுத்துவிட்டு, "ஒத்தக் கேள்விதான் கேப்பாங்க, பதில் மட்டும் சொல்லிட்டு வந்துடு" என்று கிசுகிசுத்தார்.

விசாரணைக் கூடத்தில் தமிழர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். துபாசி அதே சவரிராயன், இப்போது புதிய அரசாங்கத்தின் பட்டன் போட்ட சட்டையில். மரைக்காயர் தான் பார்த்த முகங்களைச் சொன்னார், கோதண்டம் கப்பல் மூழ்கியதைச் சொன்னான், பெண்கள் நசுங்கிச் செத்த தகப்பனைச் சொன்னார்கள். தெலோர்ம் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தான் குடித்ததை முழுசு என்று நம்பியவர், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில் ஒருத்தியின் வாழ்க்கை போகிறது.

"அதே மாடுகள், அதே கை, அதே பால்," என்றார் அவர். "நானும் குடித்தேன். நான் கேட்காததை நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? ஒன்று, நான் பொய் சொல்கிறேன். இல்லையென்றால் நீங்கள் எல்லோரும் பொய் சொல்கிறீர்கள். வேறு வழி உண்டா?"

சவரிராயன் தமிழில் சொல்லி முடித்தான். பச்சைவாழி எழுந்து முன்னால் போனாள். கூண்டுக்குள் இருந்த ஒதில் அதைப் பார்த்துவிட்டு, விசாரணை தொடங்கியதிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"பச்சை, நில்லு. திரும்பு. வீட்டுக்குப் போ."

"நான் என்னா உன் மாடா?" என்றாள் பச்சைவாழி. பின்பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே இருமிக்கொண்டார்கள்.

தெலோர்ம் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகத்தில் தாழ்வாரத்துப் பழைய சிரிப்பு லேசாக வந்து, ஏதோ நினைவு வந்ததுபோல் பாதியில் நின்றது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். மொழிபெயர்க்க வாயெடுத்த சவரிராயனைக் கையால் நிறுத்தினார். தனக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழ்ச் சொல்லை, இந்த முறை சிரிக்காமல், மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி?"

பச்சைவாழியின் கை பழக்கத்தில் கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கிக்கொண்டாள். பின்னால் கோதண்டம் தலையைக் கவிழ்த்துக்கொண்டதை அவள் பார்க்கவில்லை.

"கலந்தேன் முசே," என்றாள். "மொதல்ல நான் பொழைக்கக் கலந்தேன். அப்பறம் அவ பொழைக்கக் கலந்தேன். எல்லா வீட்டுக்கும் பாதிக்குப் பாதி. நீங்க நீதிபதியாச்சே, உங்க வீட்டுக்கு மட்டும் ஒரு சொம்பு கூட."